கீறலைக் கீறலால் எடுப்பது

பத்து வயதான காரைக் கழுவும்போது ஒரு வேடிக்கை நடக்கும். வெளுத்து மங்கிக்கிடக்கும் ஹெட்லைட்டின் மேல் ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றியதும் அது பளிச்சென்று தெளிந்துவிடும். உள்ளே இருக்கும் பல்பும் அதைச் சுற்றியுள்ள வெள்ளி நிறக் கிண்ணமும் துல்லியமாகத் தெரியும். ‘அழுக்குதான் போலிருக்கிறது, போய்விட்டது’ என்று துணியால் துடைப்போம். ஈரம் காயக் காய மங்கல் மறுபடி வந்து உட்கார்ந்துகொள்ளும். சோப்பு போட்டாலும் ஷாம்பு போட்டாலும் இதே கதைதான்.

அழுக்காக இருந்தால் தண்ணீரோடு போயிருக்க வேண்டும், போகவில்லை. கறையாக இருந்தால் நனைந்திருக்கும்போதும் தெரிந்திருக்க வேண்டும், தெரியவில்லை. அப்படியானால் அங்கே இருப்பது என்ன?

இதோடு சேர்த்துக் கேட்கவேண்டிய இன்னொரு கேள்வியும் உண்டு. நாற்பது வருடம் ஓடிய அம்பாசடர் ஒன்றைப் பாருங்கள். தகரம் துருப்பிடித்திருக்கும், சீட்டு கிழிந்திருக்கும், ஆனால் வட்டமான ஹெட்லைட் மட்டும் தெளிவாக இருக்கும். அதன் பக்கத்தில் நிற்கும் எட்டு வயதுக் காருக்கோ முகம் மஞ்சள் பூத்திருக்கும். புதிய வண்டிக்கு ஏன் சீக்கிரம் பார்வை மங்குகிறது?

இரண்டு கேள்விகளுக்கும் விடை ஒரே இடத்தில்தான் இருக்கிறது. அந்த விடை தெரிந்தால், சில தேய்ப்புத் தாள்களையும் ஒரு வாளித் தண்ணீரையும் வைத்துக்கொண்டு வீட்டு வாசலிலேயே ஹெட்லைட்டை மீட்டுவிடலாம். தெரியாமல் இறங்கினால், மீட்ட ஹெட்லைட் சில மாதங்களில் முன்னைவிட மோசமாக மங்கும்.

கண்ணாடி போனது ஏன்?

அம்பாசடரின் ஹெட்லைட் முகப்பு கண்ணாடியால் ஆனது. ஒரு காலத்தில் உலகம் முழுவதும் அப்படித்தான். அமெரிக்காவில் 1940ஆம் வருட மாடல்களிலிருந்து, பல்பையும் முகப்பையும் ஒன்றாக மூடி முத்திரையிட்ட 7 அங்குல வட்டக் கண்ணாடி விளக்குதான் பல வருடங்களுக்கு எல்லாக் கார்களுக்கும் பொது. ஒன்று கெட்டால் எந்தக் கடையிலும் அதே அளவில் இன்னொன்று கிடைக்கும். வசதிதான். ஆனால் காரின் முகத்தை எப்படி வடிவமைத்தாலும் அந்த வட்டத்துக்கு இடம் விட்டே ஆகவேண்டும்.

1980களில் காற்றைக் கிழித்துச் செல்லும்படி காரின் மூக்கைச் சரிவாக்க நினைத்தார்கள். சரிந்து வளைந்த மூக்கில் தட்டையான கண்ணாடி விளக்கு பொருந்தாது. 1983இல் அமெரிக்க அரசு விதியைத் தளர்த்தியது. பல்பை மட்டும் மாற்றிக்கொள்ளக்கூடிய, விரும்பிய வடிவில் வார்த்த பிளாஸ்டிக் முகப்பு சட்டப்படி வந்தது. 1984ஆம் வருட மாடலான லிங்கன் மார்க் 7 அதை முதலில் அணிந்த அமெரிக்கக் கார். பிறகு உலகமே அந்தப் பக்கம் திரும்பியது.

அந்தப் பிளாஸ்டிக்கின் பெயர் பாலிகார்பனேட். 1953இல் ஜெர்மனியின் பேயர் நிறுவனத்தில் ஹெர்மன் ஷ்னெல்லும், அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் டேனியல் ஃபாக்ஸும், ஒருவர் செய்வது மற்றவருக்குத் தெரியாமலே இதை உருவாக்கினார்கள். ஃபாக்ஸ் தேடியது மின்கம்பிக்கு ஒரு மேல்பூச்சு. கையில் கிடைத்தது சுத்தியலுக்கும் உடையாத ஒளிபுகும் கட்டி. அப்பல்லோ விண்வெளி வீரர்களின் தலைக்கவசக் குமிழ் இந்தப் பொருளால் ஆனது. சிடி என்று நாம் பாட்டுக் கேட்ட வட்டும் இதுதான்.

ஒரு கன சென்டிமீட்டர் கண்ணாடி ஏறத்தாழ 2.5 கிராம், பாலிகார்பனேட் 1.2 கிராம். எடையில் பாதி. லாரிச் சக்கரத்திலிருந்து தெறிக்கும் ஜல்லிக்குக் கண்ணாடி சிதறும், இது சிதறாது. எந்த வளைவுக்கும் வார்க்கலாம். குறைகள் இரண்டே இரண்டு. ஒன்று, இது மென்மையான பொருள்; மணல் பட்டாலே கீறும். இரண்டு, வெயில் ஆகாது.

இந்த இரண்டு குறைகளையும் மறைக்கத்தான் தொழிற்சாலையிலேயே முகப்பின் மேல் ஒரு கடினப் பூச்சு பூசி அனுப்புகிறார்கள். அதன் கனம் பத்து மைக்ரான் அளவில் இருக்கும். மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. தலைமுடியின் கனம் சுமார் 70 மைக்ரான். முடியில் ஏழில் ஒரு பங்கு கனமுள்ள அந்தத் தோல்தான் ஹெட்லைட்டின் ஆயுளைத் தீர்மானிக்கிறது.

வெயில் செய்யும் வேலை

தரையை எட்டும் சூரிய ஆற்றலில் புறஊதாக் கதிரின் பங்கு ஏறத்தாழ 5 சதவீதம்தான். கண்ணுக்குத் தெரியாத இந்தக் கதிருக்கு வேதிப் பிணைப்பை அறுக்கும் வலு உண்டு. பாலிகார்பனேட் என்பது நீளமான மூலக்கூறுச் சங்கிலிகளின் கூட்டம். மேல்பூச்சு இருக்கும்வரை புறஊதாவை அதுவே வாங்கிக்கொள்ளும். வருடக்கணக்கில் வாங்கி வாங்கி அது தேய்கிறது, வெடிக்கிறது, செதில்செதிலாக உரிகிறது. அதன் பிறகு அடி நேரடியாகச் சங்கிலிகளின் மேல் விழுகிறது.

அறுந்த சங்கிலிகளுக்கு இரண்டு கதி. சில, வேறு விதமாக மாறிக் கட்டிக்கொள்கின்றன. அப்படி உருவாகும் புதிய அமைப்புகள் நீல ஒளியை விழுங்குபவை. வெள்ளொளியில் நீலம் குறைந்தால் மிஞ்சுவது மஞ்சள். ஹெட்லைட்டின் மஞ்சள் நிறம் வெளியிலிருந்து படிந்த சாயம் அல்ல. பிளாஸ்டிக்கே நிறம் மாறியிருக்கிறது. மற்றவை காற்றின் ஆக்சிஜனோடு சேர்ந்து குட்டையாகி, மொரமொரப்பாகி, மழையிலும் தூசியிலும் பொடியாக உதிர்கின்றன. உதிர்ந்த இடமெல்லாம் குழி.

வீட்டு வாசலில் எப்போதும் ஒரே திசை பார்த்து நிற்கும் காரைக் கவனித்தால் இதற்குச் சாட்சி கிடைக்கும். இரண்டு ஹெட்லைட்டில் ஒன்று மட்டும் அதிகம் மங்கியிருக்கும். அது வெயில் படும் பக்கம். ஒரே ஹெட்லைட்டில்கூட வானத்தைப் பார்த்த மேல்பகுதி வெளுத்திருக்க, பம்பரை ஒட்டிய கீழ்விளிம்பு தெளிவாக இருக்கும்.

அம்பாசடர் தப்பித்தது இதனால்தான். கண்ணாடி என்பது அடிப்படையில் சிலிக்கானும் ஆக்சிஜனும் சேர்ந்த பொருள். ஏற்கெனவே முழுதாக ஆக்சிஜன் ஏறியது. அந்தப் பிணைப்பை அறுக்கத் தரைக்கு வரும் புறஊதாவுக்கு வலு போதாது.

ஒரே ஒரு கீறல்

மஞ்சளுக்கு விடை கிடைத்தது. மங்கல் எங்கிருந்து வருகிறது? ஆயிரக்கணக்கான கீறல்களையும் குழிகளையும் மறந்துவிட்டு ஒரே ஒரு கீறலை எடுத்துக்கொள்வோம். அதன் இரு பக்கச் சுவர்களும் 30 டிகிரி சரிவில் இறங்குகின்றன என்று வைத்துக்கொள்வோம்.

உள்ளே பல்பிலிருந்து புறப்பட்ட ஒளி, வெள்ளி நிறக் கிண்ணத்தில் பட்டுத் திரும்பி, நேராக முன்னோக்கி வருகிறது. முகப்பு வழவழப்பாக இருந்தால் நேராகவே வெளியேறிச் சாலையில் விழும். கீறலின் சரிவில் வந்து விழுந்த ஒளிக்கோ வெளியேறும் வாசலே சாய்ந்திருக்கிறது. பிளாஸ்டிக்கிலிருந்து காற்றுக்குத் தாவும் ஒளி திசை மாறும். பள்ளியில் ஒளிவிலகல் என்று படித்தது இதைத்தான். நம் 30 டிகிரி சரிவில் அந்தத் திருப்பம் ஏறத்தாழ 22 டிகிரி.

22 டிகிரி என்றால் சாலையில் எவ்வளவு? 25 மீட்டர் முன்னால் இருக்கும் பள்ளத்தைக் காட்டவேண்டிய ஒளி, அதே தூரத்தில் 10 மீட்டர் விலகிப் போகிறது. சாலையோரப் புளியமரத்தின் உச்சிக்கோ எதிரே வருகிறவரின் கண்ணுக்கோ போய்ச் சேருகிறது. ஓட்டுநருக்கு இருட்டு, எதிரே வருகிறவருக்குக் கூச்சம். இரண்டும் ஒரே கீறலின் வேலை.

சரிவு இன்னும் செங்குத்தாகி 39 டிகிரியைத் தாண்டினால் கதை மாறும். ஒளி வெளியேறவே முடியாமல் முழுவதும் உள்ளே திரும்பிவிடும். இதற்கு முழு அக எதிரொளிப்பு என்று பெயர். அந்த ஒளி விளக்குக்குள்ளேயே அலைந்து வீணாகிறது.

இப்போது அதே கீறலின் மேல் தண்ணீரை ஊற்றுவோம். தண்ணீர் கீறலை நிரப்பி மேலே சமதளமாகிவிடுகிறது. பிளாஸ்டிக்குக்கும் காற்றுக்கும் இடையே ஒளியின் வேகத்தில் பெரிய வித்தியாசம் உண்டு. பிளாஸ்டிக்குக்கும் தண்ணீருக்கும் இடையே வித்தியாசம் குறைவு. திசைமாற்றம் இந்த வித்தியாசத்தைப் பொறுத்தது. ஆகவே அதே 30 டிகிரிச் சரிவில் ஒளி இப்போது 6.5 டிகிரிதான் திரும்புகிறது. முழு அக எதிரொளிப்பு தொடங்கும் எல்லையும் 39 டிகிரியிலிருந்து 57 டிகிரிக்குத் தள்ளிப்போகிறது. முன்பு உள்ளே சிறைப்பட்ட ஒளியில் பெரும்பகுதி விடுதலையாகிறது. கண்ணுக்கே தெரியாத நுண்குழிகள் ஒளியைச் சிதறடிப்பதும் ஐந்தில் ஒரு பங்காகக் குறைகிறது.

கழுவும்போது ஹெட்லைட் தெளிந்ததன் ரகசியம் இதுதான். தண்ணீர் எதையும் அகற்றவில்லை, பள்ளத்தைத் தூர்த்தது. காய்ந்ததும் பள்ளம் திறந்துகொண்டது. மங்கல் என்பது ஒரு பொருளே அல்ல, மேற்பரப்பின் வடிவம். வடிவத்தைத் துடைத்து எடுக்க முடியாது; மாற்றத்தான் முடியும்.

தண்ணீரே மருத்துவர்

பழுதுபார்க்க இறங்குமுன் செய்யவேண்டிய சோதனையும் இங்கேயே கிடைத்துவிட்டது. ஹெட்லைட்டை நனைத்துப் பாருங்கள்.

நனைந்ததும் தெளிகிறதா? கோளாறு வெளிப்பரப்பில்தான். வீட்டிலேயே சரிசெய்யலாம்.

தெளிகிறது, ஆனால் மஞ்சள் போகவில்லையா? நிறம் மாறிய படலம் மேலே தங்கியிருக்கிறது. அதுவும் தேய்த்தால் போகும். வேலை கொஞ்சம் கூடுதல்.

நனைத்தும் மங்கலாகவே இருக்கிறதா? உள்பக்கம் நீராவி படிந்திருக்கலாம். விளக்கின் ஓர ஒட்டு விட்டிருக்கிறது என்று பொருள். அல்லது பிளாஸ்டிக்கின் உடலுக்குள்ளேயே வலைபோன்ற விரிசல் ஓடியிருக்கலாம். வெளியே எவ்வளவு தேய்த்தாலும் இவை தீராது. வெள்ளிக் கிண்ணம் கறுத்திருந்தாலும் அப்படித்தான்.

கடைசியாக நகத்தைக் கீறலின் குறுக்கே ஓட்டுங்கள். நகம் எங்கும் தடுக்காமல் போனால் மெல்லிய தாளில் வேலை முடியும். தடுக்கினால் கொஞ்சம் முரட்டுத் தாளிலிருந்து தொடங்கவேண்டும்.

கீறிக் கீறி வழவழப்பாக்குவது

முள்ளை முள்ளால் எடுப்பது என்பார்கள். இங்கே நடப்பது அதுதான். கீறலை அழிக்கும் வழி, அதைவிடச் சிறிய கீறல்களால் அந்த இடம் முழுவதையும் கீறுவது.

தச்சர் பயன்படுத்துவது உப்புத்தாள். கார் பெயின்டிங் பட்டறையில் பயன்படுத்துவது தண்ணீரில் நனைத்துத் தேய்க்கும் கறுப்பு வாட்டர் பேப்பர். தாளின் முதுகில் ஓர் எண் அச்சிட்டிருக்கும். அதைக் குருணை எண் என்று சொல்லலாம். எண் கூடக் கூடக் குருணை பொடியாகும். 800 எண் தாளில் குருணையின் சராசரி அளவு சுமார் 22 மைக்ரான். 1200இல் 15, 2000இல் 10. 3000 அதைவிடப் பொடி. குருணையின் பெரும்பகுதி பிசினுக்குள் புதைந்திருப்பதால் அது போடும் கீறலின் ஆழம் குருணையின் அளவில் ஒரு சிறு பங்குதான்.

ஒவ்வொரு தாளுக்கும் ஒரே வேலை: முந்தைய தாள் போட்ட கீறலை அழிப்பது. 800 போட்ட பள்ளத்தின் அடியை 1200 எட்டவேண்டும். அதன் அடியை 2000. பொறுமை இல்லாமல் 800இலிருந்து நேராக 3000க்குத் தாவினால், பொடிக் குருணை மேடுகளின் உச்சியை மட்டும் தடவிவிட்டுப் போகும். தொட்டால் வழவழப்பாக இருக்கும். இரவில் விளக்குப் போட்டால் பழைய பள்ளங்கள் கோடுகோடாகத் தெரியும்.

இனி வேலைக்கு வருவோம். முதலில் ஹெட்லைட்டைச் சோப்புத் தண்ணீரில் கழுவவேண்டும். ஒட்டியிருக்கும் ஒரு மணல் துகள் 3000 தாளின் அடியில் மாட்டினால் அதன் கீறல் 800ஐவிட ஆழமாக விழும். பிறகு சுற்றியுள்ள பானெட், பம்பர், ஃபெண்டர் ஓரங்களில் மாஸ்கிங் டேப்பை இரண்டு அடுக்காக ஒட்டவேண்டும். காரின் பெயின்ட் மெல்லியது. தாள் ஓரிரு முறை பட்டாலே போதும், ஹெட்லைட் செலவோடு பெயின்ட் செலவும் சேர்ந்துவிடும்.

தாளை வாளித் தண்ணீரில் சில நிமிடம் ஊறவைத்து, ஒரு துண்டு ஸ்பாஞ்சின் மேல் சுற்றிக்கொள்ளுங்கள். வெறும் விரலால் அழுத்தினால் விரல் பட்ட இடம் மட்டும் பள்ளமாகும். தண்ணீரில் இரண்டு சொட்டு ஷாம்பு விட்டால் தாள் வழுக்கிக்கொண்டு போகும். 800ஐ எடுத்து இடவலமாகத் தேய்க்கத் தொடங்கினால் வழியும் தண்ணீர் மஞ்சளாக இருக்கும். வெயிலில் செத்த படலம் உரிந்து வருகிறது. தேய்க்கத் தேய்க்க மஞ்சள் வெளுத்து, வழிவது வெறும் வெள்ளையாகும். கெட்ட பாகம் போய் நல்ல பிளாஸ்டிக் வந்துவிட்டதற்கு அதுவே அடையாளம்.

இந்தக் கட்டத்தில் பலருக்குப் பயம் வரும். மங்கலாக இருந்த ஹெட்லைட் இப்போது முழுக்க வெள்ளையாக, முன்னைவிட மோசமாக நிற்கும். பயப்பட வேண்டாம். ஒழுங்கில்லாத ஆழக் கீறல்களின் இடத்தில் ஒரே சீரான கீறல்கள் வந்திருக்கின்றன, அவ்வளவுதான்.

அடுத்து 1200. இதை மேலும் கீழுமாகத் தேய்க்கவேண்டும். முந்தைய கீறல்கள் கிடைக்கோடு, இப்போதையவை செங்குத்து. கிடைக்கோடு ஒன்றுகூட மிஞ்சாதபோது இந்தத் தாளின் வேலை முடிந்தது என்று கண்ணே சொல்லிவிடும். 2000 மறுபடி இடவலம், 3000 மேல்கீழ்.

இடையிடையே சோதிக்கும்போது ஒரு விஷயத்தை மறக்கக்கூடாது. ஈரத்தில் எல்லாம் நன்றாகத்தான் தெரியும். அது தண்ணீரின் வேலை என்று பார்த்துவிட்டோம். பட்டறையில் கைதேர்ந்தவர்களைக் கவனியுங்கள். ரப்பர் துண்டால் நீரை வழித்துத் தள்ளி, பரப்பு காயும்வரை காத்திருந்து, வெளிச்சத்துக்குச் சாய்வாகப் பார்த்த பிறகே அடுத்த தாளைத் தொடுவார்கள். காய்ந்த பிறகு தெரிவதுதான் உண்மை.

இத்தனை தேய்த்தால் முகப்பு மெலிந்துவிடாதா? முகப்பின் கனம் 3 மில்லிமீட்டரை ஒட்டியது, அதாவது 3,000 மைக்ரான். நாம் எடுப்பது சில பத்து மைக்ரான், ஒன்றிரண்டு சதவீதம்.

ஒளியின் கண்ணுக்குத் தெரியாத கீறல்

3000 முடிந்ததும் ஹெட்லைட் லேசான பனி படர்ந்த தோற்றத்தில் இருக்கும். இன்னும் கீறல்கள் உண்டு, ஆனால் மிகச் சிறியவை. இங்கே இயற்கை நமக்கு ஒரு சலுகை தருகிறது. ஒளி ஓர் அலை. கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் 0.4 முதல் 0.7 மைக்ரான் வரை. மேடுபள்ளம் அந்த அலைநீளத்தில் ஒரு சிறு பங்குக்குக் கீழே போய்விட்டால் ஒளிக்கு அது தெரியாது. சமதளத்தைக் கடப்பதுபோலவே கடந்துவிடும். உலகத்தில் எந்தப் பரப்பும் முழுச் சமதளம் அல்ல. நாம் வழவழப்பு என்று சொல்வது, ஒளியின் அளவுகோலுக்குச் சிக்காத சொரசொரப்பைத்தான்.

அந்த எல்லையைத் தாண்டத் தாள் போதாது. பெயின்ட் கடையில் ரப்பிங் காம்பவுண்ட் என்று கிடைக்கும் பசை வேண்டும். அதில் இருப்பது மிகப் பொடியான கடினத் துகள்கள். மெல்லிய துணியில் எடுத்துச் சிறு வட்டங்களாகத் தேய்த்தால் சில நிமிடங்களில் பனி விலகும். டிரில்லில் பஃபிங் பேட் மாட்டிச் செய்தால் சீக்கிரம் முடியும். ஆனால் குறைந்த வேகத்தில், ஒரே இடத்தில் நிற்காமல் நகர்த்தவேண்டும். பாலிகார்பனேட் 147 டிகிரி செல்சியஸை ஒட்டி இளகத் தொடங்கும். உராய்வுச் சூடு ஓரிடத்தில் சேர்ந்தால் பரப்பு இழுபட்டுக் கெட்டுவிடும்.

பற்பசை வைத்தியம் வேலை செய்வதும் இதனால்தான். பற்பசையில் பல்லைத் துலக்குவதற்கென்று சுண்ணப் பொடியோ சிலிக்காப் பொடியோ இருக்கிறது. அது ஒரு மெதுவான ரப்பிங் காம்பவுண்ட். லேசான மங்கலை நீக்கும். ஆழக் கீறலை ஒன்றும் செய்யாது, வெயிலிலிருந்தும் காக்காது. அதனால் அந்தப் பளபளப்பு சில வாரம்தான்.

பெட்ரோல், தின்னர், அசிட்டோன், உடம்பில் பூசும் கொசு விரட்டி போன்றவற்றால் துடைக்கச் சொல்லும் வைத்தியங்கள் வேறு ரகம். தேய்த்தவுடன் ஹெட்லைட் மினுங்கும், உண்மை. மினுங்குவது பிளாஸ்டிக்கின் மேல்தோல் கரைந்து இளகுவதால். கொசு விரட்டியில் உள்ள டீட் என்ற பொருளும் பிளாஸ்டிக்கை இளக்கும். வார்த்தபோது பிளாஸ்டிக்குக்குள் அடங்கியிருந்த இறுக்கம், கரைப்பான் பட்டதும் விரிசலாக வெடிக்கிறது. அந்த விரிசல் உடலுக்குள் ஓடுவது, அதற்கு மருந்தில்லை. திரவத்தைச் சூடாக்கி ஆவி காட்டும் கருவிகளில் சிலவற்றில் குளோரோஃபார்ம் வகைக் கரைப்பான்கள் இருக்கும். பிளாஸ்டிக்குக்குச் செய்யும் கெடுதலை அவை நுரையீரலுக்கும் செய்யும்.

காயாத தண்ணீர்

பாலிஷ் முடிந்து ஹெட்லைட் பளபளவென்று நிற்கும்போது பெரும்பாலானோர் வேலை முடிந்தது என்று வாளியைக் கவிழ்த்துவிடுகிறார்கள். உண்மையில் இப்போதுதான் ஹெட்லைட் முழு ஆபத்தில் இருக்கிறது. உரிந்துகொண்டிருந்த பழைய பூச்சு, எவ்வளவு கெட்டிருந்தாலும், கொஞ்சமாவது வெயிலைத் தாங்கிக்கொண்டிருந்தது. அதையும் நாம் தேய்த்து எடுத்துவிட்டோம். பச்சைப் பிளாஸ்டிக் வெயிலுக்கு நேராக நிற்கிறது. ‘பாலிஷ் போட்டேன், மூன்றே மாதத்தில் மறுபடி மஞ்சளாகிவிட்டது’ என்ற புலம்பலுக்குக் காரணம் இந்தக் கடைசிப் படியை விட்டதுதான்.

வேண்டியது ஒரு புதிய மேல்பூச்சு: புறஊதாவைத் தடுக்கும் கிளியர் கோட். அது இரண்டு வேலை செய்கிறது.

முதல் வேலை, தண்ணீர் செய்த அதே வேலை. அக்ரிலிக் பூச்சில் ஒளியின் வேகமும் பாலிகார்பனேட்டில் ஒளியின் வேகமும் கிட்டத்தட்ட ஒன்று. நம் 30 டிகிரிக் கீறலைத் திரும்ப எடுத்துக்கொண்டால், காற்றில் 22 டிகிரி திரும்பிய ஒளி, தண்ணீரில் 6.5 டிகிரி திரும்பிய ஒளி, கிளியர் கோட் நிரம்பியபின் ஏறத்தாழ 2 டிகிரியில் அடங்கிவிடுகிறது. 25 மீட்டர் தூரத்தில் 10 மீட்டர் விலகியது ஒன்றரை மீட்டருக்குள் அடங்குகிறது. அதுவும் பாலிஷே போடாத முரட்டுக் கீறலுக்கான கணக்கு. தேய்த்துச் சிறிதாக்கிய கீறலில் விலகல் இருக்கிற இடமே தெரியாது. கிளியர் கோட் என்பது காயாத தண்ணீர்.

அப்படியானால் தேய்க்காமலே பூசிவிடலாமே? கூடாது. உரிந்துகொண்டிருக்கும் பழைய தோலின் மேல் புதுத்தோல் ஒட்டினால் பழையது உரியும்போது புதியதையும் கூட்டிக்கொண்டு போகும். மஞ்சளும் உள்ளேயே அடைபட்டுவிடும்.

இரண்டாவது வேலை காவல். நல்ல கிளியர் கோட்டில் பென்சோட்ரையசோல் போன்ற மூலக்கூறுகள் கலந்திருக்கும். புறஊதாக் கதிர் பட்டதும் இந்த மூலக்கூறில் ஒரு ஹைட்ரஜன் பக்கத்து இடத்துக்குத் தாவும்; வாங்கிய ஆற்றலைச் சூடாகக் கழித்துவிட்டு உடனே பழைய இடத்துக்குத் திரும்பும். எதுவும் அறுவதில்லை. அடுத்த கதிருக்கு அது மறுபடி தயார். இப்படி வருடக்கணக்கில் அடி வாங்கியபின் மெல்ல மெல்லக் குறையும்.

பூசுமுன் பரப்பை ஐசோபுரொபைல் ஆல்கஹால் நனைத்த துணியால் துடைத்து, காம்பவுண்டின் எண்ணெய்ப்பசையை நீக்கவேண்டும். விரலால் தொடக்கூடாது. வெயிலும் காற்றும் தூசியும் இல்லாத இடத்தில், கனமாக ஒரே பூச்சாக இல்லாமல் மெல்லிய பூச்சுகளாகத் தரவேண்டும். ஹெட்லைட்டுக்கென்றே விற்கும் துடைத்துப் பூசும் திரவம் எளிது. பெயின்ட் கடையில் ஹார்டனர் கலந்து அடிக்கும் டூ-கே கிளியர் நீண்ட காலம் உழைக்கும். ஆனால் அதன் ஹார்டனரில் ஐசோசயனேட் உண்டு, அது மூச்சுக்குழலுக்குப் பகை. அதற்குரிய வடிகட்டி முகமூடி இல்லாமல் அதைத் தொடவேண்டாம். துணி மாஸ்க் போதாது. மரச்சாமானுக்கு அடிக்கும் சாதாரண லாக்கர் ஸ்பிரேயில் புறஊதாக் காவல் இருக்காது. அதன் கரைப்பானே விரிசலைத் தொடங்கிவைக்கும். டப்பாவில் பாலிகார்பனேட்டுக்கு ஏற்றது, புறஊதாவைத் தடுப்பது என்ற இரண்டும் எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். வாக்ஸ் மட்டும் தடவினால் காவல் சில வாரம்தான்.

எவ்வளவு வெளிச்சம் திரும்பும்?

அமெரிக்க வாகன ஓட்டிகள் சங்கமான ‘ஏஏஏ’ 2018இல் இதை அளந்து பார்த்தது. சுமார் 11 வருடம் ஓடிய கார்களின் மங்கிய ஹெட்லைட்டுகளைக் கழற்றி ஆய்வுக்கூடத்தில் வைத்தபோது, லோ பீமில் அவை புதிய விளக்கு தரும் வெளிச்சத்தில் 22 சதவீதமே தந்தன. தேய்த்துப் பாலிஷ் செய்தபின் அது ஏறத்தாழ 70 சதவீதத்துக்கு ஏறியது. கடைக்காரர் செய்தாலும் வீட்டில் செய்தாலும் பலன் அந்த அளவில்தான். மூன்று மடங்கு வெளிச்சம். ஆனால் முழு வெளிச்சம் அல்ல. முழுதும் திரும்பப் புது விளக்குதான் மாட்டவேண்டியிருந்தது.

எப்போது தேய்ப்பது, எப்போது மாற்றுவது என்பதற்கு இந்த எண்ணும் தண்ணீர்ச் சோதனையும் போதும். நனைத்தால் தெளியும் ஹெட்லைட்டைத் தூக்கிப்போடாதீர்கள். அதன் நோய் மேல்தோலில்தான். நனைத்தும் தெளியாததில் ஒரு பகல் பொழுதை வீணாக்காதீர்கள். பார்ட்ஸ் கடைக்குப் போங்கள். தேய்த்து முடித்ததும் இரவில் ஒரு சுவருக்கு எதிரே காரை நிறுத்தி இரண்டு விளக்கும் ஒரே உயரத்தில், ஒரே பலத்தில் விழுகிறதா என்று பாருங்கள். பூசிய கிளியர் கோட்டுக்கும் ஆயுள் உண்டு. மேலே மறுபடி மொரமொரப்பு தெரிந்தால், மஞ்சள் பூக்கும்வரை காத்திருக்காமல் 2000 தாளிலிருந்து தொடங்கிப் புதிதாகப் பூசிவிடுங்கள், வேலை பாதிதான்.

காரை நிழலில் நிறுத்த முடிந்தால் நிறுத்துங்கள், முடியாவிட்டால் முன்பக்கம்வரை மூடும் உறையைப் போடுங்கள். இங்கே சொன்ன எல்லா வேலைகளிலும் செலவே இல்லாதது நிழலில் நிறுத்துவதுதான்.